சருகு நீக்கிய குன்றம்

இக்கதையை எனக்குச் சொன்னவர் கீழ்நெல்லியூர் தரணேந்திர நயினார். 1983ஆம் ஆண்டு ஆவணியில், மழை விட்ட ஒரு பிற்பகலில், உளுந்து உலர்த்தியிருந்த களத்தின் ஓரமாக உட்கார்ந்து சொன்னார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. தம் தாய்மாமனிடம் கேட்டது என்றார். பிற்பாடு இதே கதையை வேறு இரண்டு ஊர்களிலும் கேட்டேன். முடிவு மூன்றிடத்திலும் மூன்று விதமாக இருந்தது. கீழே தருவது நயினார் பாடம். மொழியைச் சற்றுச் செப்பம் செய்திருக்கிறேன். பூங்காவனம் என்பவள் வருமிடத்தில் மட்டும் பேச்சைக் கேட்டபடியே விட்டேன்.

அறியாதவர்களுக்காக இரண்டு சொற்கள். குரத்தி என்பவர் சமணப் பெண்துறவியருள் ஆசிரியர். பீலி என்பது அத்துறவியர் கையில் இருக்கும் மயிலிறகுக் கற்றை. உட்காரும் முன்னும் கால் வைக்கும் முன்னும், அவ்விடத்தில் இருக்கும் சிற்றுயிரை நோகாமல் விலக்குவதற்கு உரியது.

*

"இந்தக் குன்றத்தில் கால் வைக்க இடமில்லை, அம்மா" என்றாள் சுநந்தை.

குரத்தியார் குகை வாயிலில், கற்படுக்கையின்மேல் அமர்ந்திருந்தார். தலை நிமிரவில்லை.

"இத்தனை பெரிய குன்றத்திலா?"

"வைக்கிற இடமெல்லாம் உயிராக இருக்கிறது. காலையில் சுனைக்குப் போய் வந்தேன். போகும்போது ஒன்று. வரும்போது ஒன்று."

"எது?"

சுநந்தை உள்ளங்கையை விரித்தாள். ஒரு சருகு. அதன்மேல் நசுங்கிய தரைச்சிலந்தி. மண்ணின் நிறம். வயிற்றின் பின்னால் மிளகளவு ஒரு வெள்ளைப் பை. அது மட்டும் நசுங்கவில்லை.

"வலை கட்டி உட்காருகிற சாதி இல்லை இது. சருகுக்கு அடியிலேயே ஓடித் திரிகிறது. கண்ணுக்குத் தெரிந்தால் அல்லவா விலகி நடக்கலாம்?"

"அந்தப் பையில் என்ன?"

"முட்டை."

"எத்தனை?"

"எண்ணவில்லை."

"அப்படியென்றால் ஒன்று என்று சொல்லாதே" என்றார் குரத்தியார்.

*

சுநந்தை ஐம்பத்தாறு வயதில் குன்றம் ஏறியவள். குரத்தியாருக்கு முப்பத்தொன்று. ஆனாலும் அவர் இவளை நீ என்றே அழைத்தார். குன்றத்தில் வயது என்பது பீலி பெற்ற நாளிலிருந்து எண்ணப்படும். அந்தக் கணக்கில் சுநந்தை இன்னும் பிறக்கவே இல்லை.

கீழே அவளுக்கு நாற்பது காணி கரும்பு இருந்தது. கணவன் போன பிறகு அவளே நின்று பார்த்துக்கொண்டாள். ஒரு மாசி மாதம், வெட்டு முடிந்த வயலில் கிடந்த சோகையை, காய்ந்த கரும்பிலையை, கொளுத்தச் சொன்னாள். கரும்பு வெட்ட வந்த ஆட்களில் தாண்டவன் என்பவன், காய்ச்சல் தாங்காமல், சோகைக்கு உள்ளே சுருண்டு படுத்திருந்தான். காற்று நல்ல வேகம். சாம்பல் ஆறிய பிறகுதான் ஆட்களில் ஒருவன் குறைவது தெரிந்தது.

குன்றத்துக்கு வந்த முதல் நாளே இதைச் சொன்னாள்.

"பார்க்கவில்லை, அம்மா."

"யார்?"

"யாருமே. அவன் உள்ளே கிடந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை."

"பார்க்கச் சொன்னாயா?"

சுநந்தை முந்தானையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினாள்.

"அவன் வீட்டுக்குப் போனாயா?"

"நெல் அனுப்பினேன்."

"போனாயா?"

"இல்லை."

குரத்தியார் அதற்குமேல் கேட்கவில்லை. சுநந்தை வயலைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வெள்ளைச் சேலையோடு குன்றத்திலேயே தங்கிவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பீலி. அதைக் கையில் வாங்கிய கணத்தில், "கொளுத்துங்கள்" என்று சொன்ன பெண்பிள்ளை செத்துப் போவாள். கையால் ஓர் எறும்புக்கும் தீங்கு செய்யாத வேறொருத்தி அங்கே நிற்பாள். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைத் தவிர அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

*

செத்த சிலந்தியைக் கையில் வைத்துக்கொண்டே அன்று கேட்டாள்:

"பீலியை எப்போது தருவீர்கள்?"

"பொறைநாளன்று."

பொறைநாள் என்றே நயினார் சொன்னார். மழைக்காலத்தின் நடுவில் வருவது. தெரிந்தும் தெரியாமலும் ஆண்டு முழுதும் செய்த தீங்குக்கு, அன்று எல்லா உயிரிடமும் பொறுத்தருளக் கேட்பார்கள். மூத்தவர் இளையவரிடமும் கேட்கவேண்டும். அதற்கு இன்னும் ஐம்பது நாள் இருந்தது.

"அதற்குள் நான் என்ன செய்யவேண்டும்?"

"அதற்குள் ஒன்றும் வேண்டாம். அன்றைக்குப் போய்க் கேள். குகையைச் சுற்றி, உன் காலடியில் வாழ்கிறவர்களிடம். ஒருவர் பொறுத்தால் போதும். தருகிறேன்."

"சிலந்தியா பொறுத்தேன் என்று சொல்லும்?"

"நீ குனியும்போது ஓடாமல் நிற்கும்."

"ஒன்று நின்றால் போதுமா?"

"ஒன்று."

சுநந்தைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நாற்பது ஆளை வைத்து வேலை வாங்கியவள். ஒரு பூச்சியை நிறுத்தமுடியாதா?

"நாளை முதல் பொறைநாள்வரை எனக்கு மௌனம்" என்றார் குரத்தியார். "பேச்சும் இல்லை. எழுத்தும் இல்லை. ஏதாவது கேட்கவேண்டும் என்றால் இப்போதே கேட்டுவிடு."

சுநந்தை யோசித்துப் பார்த்தாள்.

"ஒன்றும் இல்லை, அம்மா" என்றாள்.

*

குகை இருந்த வடசரிவில் நல்ல காடு. உசிலையும் வெப்பாலையும் நெல்லியும் கிளையோடு கிளை கோத்து நின்றன. வெயில் காசு காசாகத்தான் கீழே விழும். சருகு கணுக்கால்வரை கிடந்தது. மேல்சருகு மொரமொரப்பாக இருக்கும். கையை விட்டுத் துழாவினால் இரண்டாவது அடுக்கு மெத்தென்று இருக்கும். அதற்கும் கீழே கறுத்துச் சில்லென்ற ஈரம். சித்திரை வெயிலிலும் அந்த ஈரம் வற்றியதில்லை என்பார்கள்.

அந்த அடுக்குகளில்தான் அவை இருந்தன. ஒரு சருகைத் தூக்கினால் நான்கு ஓடும். முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஒன்று போகும். மண்ணில் வளை தோண்டி, வாசலுக்கு மூடி வைத்து, மூடியின் இடுக்கு வழியே ஒன்று பார்க்கும்.

குரத்தியார் சுனைக்குப் போகும்போது பீலியை ஒரு பாத அகலத்துக்கு மட்டும் மெல்ல அசைப்பார். நிற்பார். காலை வைப்பார். பிறகு அடுத்த பாதம். பாத அகலத்துக்கு வெளியே ஒரு சருகையும் தொடமாட்டார். சூரியன் உதிக்கும்போது கிளம்பினால் திரும்பி வர உச்சிப்பொழுது ஆகிவிடும்.

சுநந்தைக்குப் பீலி இல்லை. அவள் கால் நாற்பது காணியைக் காலைக் கஞ்சிக்கு முன் சுற்றி வந்து பழகிய கால்.

பெரும்பாலான நாளில் ஒரு சாவு. ஒரு சாவுக்கு ஒரு நாள் பட்டினி. அது அவளாக விதித்துக்கொண்டது. முதல் ஏழு நாளில் இரண்டே நாள் சாப்பிட்டாள்.

ஏழாம் நாள் மாலை பாதத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிகாலில் ஒரு மெல்லிய கால் ஒட்டியிருந்தது. அது இன்னும் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

எல்லாம் இந்தச் சருகினால் வருவது என்று அவளுக்குத் தோன்றியது.

வயலில் சோகை மறைத்தது. இங்கே சருகு மறைக்கிறது.

*

எட்டாம் நாள் தொடங்கினாள்.

புல்லை அறுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, நுனி பட்டுப்போல் ஆகும்வரை தட்டி, ஒரு துடைப்பம் கட்டினாள். அவசரம் காட்டவில்லை. இரண்டு கை கொள்ளுமளவு சருகை அள்ளுவாள். தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்து மெல்ல உதறுவாள். ஏறியிருந்தவை எல்லாம் இறங்கி ஓடும்வரை காத்திருப்பாள். பிறகு ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே ஓடைக்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு பாய் விரிக்கிற இடம்தான் ஆகும்.

வெறுந்தரையில் சிலந்திகள் அங்குமிங்கும் ஓடின. சுநந்தை கைகூப்பி நின்று வழிவிட்டாள்.

"போங்கள், தாயே, போங்கள். இனிமேல் உங்களைப் பார்த்துத்தான் நடப்பேன்."

அன்று ஒன்றும் சாகவில்லை. அன்று சாப்பிட்டாள்.

மறுநாளும் சாகவில்லை.

குரத்தியார் குகை வாயிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் எழுந்து வந்தார். உள்ளே கிடந்த ஒரு சருகை எடுத்துவந்து, சுநந்தை பெருக்கிய தரையின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

என் கண்ணைச் சோதிக்கிறார் என்று நினைத்தாள் சுநந்தை. சருகை எடுத்து, உதறி, புரட்டிப் பார்த்து, ஓடைக்கரையில் போட்டாள்.

மறுநாள் மாலையும் ஒரு சருகு இருந்தது. அதையும் எடுத்தாள்.

அதற்கு மறுநாள் சருகு வைக்கும்போது குரத்தியார் அதைக் கையால் சற்று நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சுநந்தைக்குப் பெருமையாக இருந்தது. சோதனை கடுமையாகிறது, தேறிக்கொண்டு வருகிறோம் என்று எண்ணினாள்.

*

பெருக்கல் பாதிக்குமேல் ஆனபோது பூங்காவனம் வந்தாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கவும் எருக்குழிக்குச் சருகு வாரவும் மலையேறுகிறவள். நாற்பது வயதிருக்கும். கையில் அரிவாள், இடுப்பில் கயிறு.

"இன்னாம்மா இது, காட்டுக்கே மொட்டை போட்டு வச்சிருக்கீங்க? வேண்டுதலா?"

"உயிர் சாவக்கூடாதுன்னு பெருக்கறேன்."

"யாரு உயிரு?"

"எட்டுக்கால் பூச்சி. சருகுக்கு அடியில இருந்தா தெரியமாட்டேங்குது. மிதிச்சிடறேன்."

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வூட்ல எட்டுக்கால் பூச்சின்னா வெளக்குமாத்தால அடிப்போம். நீங்க அதுக்குன்னு வாசல் பெருக்கறீங்க. அப்புறம் கோலம் போடுவீங்களா?"

"கேலி பண்ணாதே. உனக்குத்தான் சருகு வேணுமே. ஓடைக்கரையில குமிச்சிருக்கேன், எடுத்துக்கோ."

பூங்காவனம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அடிச்சருகையும் சேத்து இல்ல வாரியிருக்கீங்க? நாங்க அத எடுக்கமாட்டோம். மேலாக்க அரிச்சிக்கினு ஈரம் ஒட்னத வுட்டுடுவோம். எங்க ஆயா காலத்துலருந்து அப்படித்தான்."

"ஏன்?"

"ஏன்னா? ஈரச்சருகு பொணம் கனம் கனக்கும்மா. எவ தூக்கறது?"

சுநந்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூங்காவனம் வெறுந்தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினாள். கிளைகளின் சந்து வழியே வந்த வெயில் அங்கே நின்றிருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"சுடுது. அதுங்கல்லாம் எங்க போச்சு?"

"அந்தப் பக்கம் போயிடுச்சு. கண்ணால பார்த்தேன். ஒண்ணுகூட சாவல."

"போச்சு, சரி. போய்ச் சேந்துச்சா?"

"ஏன் சேராது?"

"வெயில்ல நின்னா நாம நெழலுக்குப் போவோம். அது விரல் நீளம்கூட இல்ல. அதுக்கு அந்த மரத்தடி எவ்ளோ தூரம்னு யாருக்குத் தெரியும்? அது தின்ற பொடிப்பூச்சிகூட ஈரச்சருகுலதானே கெடக்கும்." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "எனக்கு இன்னா தெரியும். நீங்க படிச்சவங்க."

இரண்டடி போய்த் திரும்பினாள்.

"நீங்க அந்தக் கரும்புக்கார அம்மாதானே?"

"இருந்தேன்."

பூங்காவனம் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சருகு எடுக்காமலே இறங்கிப் போய்விட்டாள். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் மறுபடி வரவில்லை.

*

இருபத்திரண்டு நாளில் வேலை முடிந்தது. குகை வாயிலிலிருந்து சுனைவரை, சுனையிலிருந்து ஓடைவரை, ஒரு சருகு இல்லை. ஒரு கடுகு விழுந்தாலும் தெரியும்.

குரத்தியார் சருகு வைப்பதை நிறுத்திவிட்டார். தேறிவிட்டோம் என்று சுநந்தை எடுத்துக்கொண்டாள்.

தரை வெறுமையான பின் எறும்புகள் வந்தன. சிவப்பு எறும்பு, சாரை சாரையாக. சுநந்தை அவற்றுக்கும் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அவை வாயில் எதையோ கவ்விக்கொண்டு போயின. மிளகளவில் வெள்ளை வெள்ளையாக. ஊரில் யாரோ இறைத்த நொய்யாக இருக்கும் என்று நினைத்தாள். அவற்றின் உணவுக்கு இடையூறு ஆகக்கூடாதென்று மூன்று நாள் வேறு வழியாகச் சுனைக்குப் போனாள்.

ஆவணி மழை வந்தது. முன்பெல்லாம் மழை இலைமேல் விழுந்து, சருகுமேல் விழுந்து, சத்தமில்லாமல் மண்ணுக்குள் போகும். இப்போது தரையில் அறைந்தது. மண் தெறித்துக் குகைச்சுவரில் முழ உயரத்துக்குச் சிவப்பாக ஒட்டியது. மழை விட்டதும் வெயில். தரை ஓடுபோல் இறுகியது. நடந்தால் ஒலித்தது.

நடப்பது சுலபமாகிவிட்டது. முதலில் குனிந்து பார்த்து நடந்தாள். பிறகு நிமிர்ந்து நடந்தாள். தினமும் சாப்பிட்டாள். கன்னம் தேறியது. மாசி மாதத்துக்குப் பிறகு வராமலிருந்த தூக்கமும் வந்தது.

*

பொறைநாள் விடிந்தது. குரத்தியார் மௌனம் கலைத்தார். ஐம்பது நாளுக்குப் பின் வந்த குரல் கரகரத்தது.

"உன் காலால் எத்தனை சாவு?"

"நாற்பத்திரண்டு நாளாக ஒன்றும் இல்லை, அம்மா."

"போய்க் கேள்."

சுநந்தை நீராடி, உலர்ந்த வெள்ளைச் சேலை உடுத்தி, குகையை விட்டு இறங்கினாள். வடசரிவின் நடுவில் போய்க் கைகூப்பி நின்றாள். தரையைப் பார்த்தாள்.

சற்றுத் தள்ளிப் போய்ப் பார்த்தாள்.

சுனையோரம் போனாள். அங்கே ஈரம் இருக்கும். ஈரம் இருந்தது.

ஒரு கல்லைப் புரட்டினாள். இரண்டாவது கல்லைப் புரட்டினாள். பிறகு எண்ணவில்லை. ஒரு கல்லின் அடியில் மூடி வைத்த வளை ஒன்று தெரிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. மண்டியிட்டு, நகக்கண்ணால் மூடியைத் தொட்டாள். மூடி கழன்று விழுந்தது. உள்ளே மழை அடித்துக்கொண்டுவந்த மண் நிறைந்திருந்தது.

ஓடைக்கரைக்கு ஓடினாள். குவித்த சருகில் இருக்கலாம். குவியல் இருந்த இடத்தில் வெள்ளம் அரித்த பள்ளம் இருந்தது.

எறும்புச் சாரை ஒன்று மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதன் வாயில் இப்போது ஒன்றும் இல்லை.

சுநந்தை அந்தச் சாரையின் அருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நொய் என்று தான் நினைத்தது என்னவென்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

*

உச்சிவெயிலில் திரும்பி வந்தாள். முழங்கால் இரண்டிலும் செம்மண்.

"யாரும் இல்லை, அம்மா."

"இருந்தார்கள்" என்றார் குரத்தியார்.

சுநந்தை வடசரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தென்சரிவில் இருக்கிறார்கள்" என்றார் குரத்தியார். "அங்கே சருகு கிடக்கிறது. அங்கே போய்க் கேட்டாயா?"

"வழியில் பாதி தூரம் போனேன்."

"பிறகு?"

"திரும்பிவிட்டேன். அவர்களுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அவர்களிடம் எதற்குக் கேட்பது?"

குரத்தியார் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?" என்றாள் சுநந்தை. குரலில் பழைய கரும்புக்கார அம்மாள் எழுந்து வந்தாள். "அத்தனை நாளும்?"

"அத்தனை நாளும்."

"என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்."

"இரண்டாம் நாளே தெரிந்தது. சருகை எடுத்து வைத்தேன்."

"ஒரு சருகு! வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேனே!"

"மௌனம் கெட்டிருக்கும்."

"அது அவ்வளவு பெரிதா?"

"அன்றைக்குப் பெரிதாக இருந்தது" என்றார் குரத்தியார். "பன்னிரண்டு ஆண்டாக ஒரு விரதமும் எனக்குக் கெட்டதில்லை."

கற்படுக்கையை விட்டு எழுந்தார். குகை வாயிலிலிருந்து வெறுந்தரையில் இறங்கினார். மண்டியிடும் முன், பழக்கத்தால், பீலியைத் தரையில் மெல்ல ஓட்டினார். பீலி எதிலும் தட்டாமல் போய் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சற்று நின்றார். பிறகு பீலியைத் தமக்கும் சுநந்தைக்கும் நடுவில் வைத்தார்.

முழங்காலை ஊன்றி, சுடுகிற தரையில் நெற்றியை வைத்தார்.

"நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்து செய்தேன். பொறுத்தருள், சுநந்தை."

பீலி கையெட்டும் தூரத்தில் கிடந்தது. குனிந்தால் எடுக்கலாம்.

சுநந்தை குனியவில்லை. கரும்பு வயல்களுக்கு அப்பால், தான் ஒரு நாளும் போகாத தெருவில், தாண்டவன் வீட்டு வாசலை அவள் மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தான் போயிருந்தால், தன் நெற்றி ஒரு காலடியில் இப்படிக் கிடந்திருந்தால், அந்தக் கால் என்ன செய்திருக்கும் என்பது இப்போது தெரிந்தது.

அவள் பாதம் ஓரடி பின்னால் போனது.

குரத்தியார் தலையைத் தூக்காமல் காத்திருந்தார்.

இன்னோர் அடி.

*

நயினார் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உளுந்தைக் கிளறிவிடப் போனார். பிறகு வந்து வேறு பேச்சை எடுத்தார்.

1991இல், மேல்புத்தூரில், விமலை அம்மாள் சொன்ன பாடத்தில் சுநந்தை பின்வாங்குவதில்லை. "பொறுத்தேன்" என்று சொல்லிப் பீலியைப் பெறுகிறாள். தானும் ஒரு குரத்தியாகிறாள். ஆனால் அதன்பின் சாகும்வரை குகையை விட்டு வெளியே கால் வைக்கவில்லை.

குன்றத்தடியில் சருகு வாரிப் பிழைக்கிறவர்களிடையே வழங்கும் பாடம் 1994இல் கிடைத்தது. சொன்னவர் தம் பெயரை எழுதவேண்டாம் என்றார். அதில் பூங்காவனம் தாண்டவனின் மனைவி. சுநந்தை பின்னடி வைத்தவள் அப்படியே மலையிறங்கிப் போய் அவள் வாசலில் நிற்கிறாள். பூங்காவனம் வெளியே வந்து பார்க்கிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள். இதை நான் நயினாரிடம் போய்ச் சொன்னபோது, "எத்தனை நாள் நின்றாளாம்?" என்று கேட்டார். சொன்னவர் அதைச் சொல்லவில்லை.

வடசரிவில் சிலந்திகள் திரும்பி வந்ததாக மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. மூவரிடமும் நான் கேட்டேன்.